பாடாத எலினா

கை நிறைய உளுந்து மாவோடு வள்ளி நின்றிருந்தபோது அந்த போன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் அவர்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, கண்மணியக்கா புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள். வருகிறவர்களுக்கு வடை என் பொறுப்பு என்று வள்ளி முன்னமே சொல்லியிருந்தாள். கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சமையல் மேடைமேல் கிடந்த போனில் ‘ஜாய்ஸ்’ என்ற பெயர் மின்னியது.

“வெண்பா, அதைக் கொஞ்சம் ஸ்பீக்கர்ல போடு கண்ணு.”

பதிமூன்று வயது மகள் வந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, இட்ஸ் யுவர் ஓபரா லேடி.”

ஜாய்ஸ், ஹூஸ்டன் டவுன்டவுனில் இருக்கும், பாட்டாலேயே நாடகம் போடும் ஒரு ஓபரா கம்பெனியின் ஸ்டேஜ் மேனேஜர். யார் எப்போது மேடைக்கு வரவேண்டும், எந்த விளக்கு எப்போது எரியவேண்டும், திரை எப்போது விழவேண்டும் என்பதெல்லாம் அவள் சொன்னால்தான் நடக்கும். தலைமேல் கூரை இடிந்து விழுந்தாலும் நிதானமாகப் பேசக்கூடியவள். அன்றைக்கு அவளுக்கே மூச்சு வாங்கியது.

“வள்ளி, நம் எலினா கேத்ரினுக்குக் குரல் போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மாற்றுப் பாடகியும் அதே ஃப்ளூவில் படுத்திருக்கிறாள். சிகாகோவில் இதே எலினா வேஷத்தைப் பாடிய லொரெய்ன் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறாள். பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் நம் மேடை அவளுக்குத் தெரியாது. அந்தச் சுழலும் கோபுரத்தில் இன்றைக்கே அவளை ஏற்ற முடியாது. அவள் ஓரமாக நின்று பாடட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். நடுவில் எலினாவாக நடிக்க ஒருத்தி வேண்டும்.”

வள்ளிக்கு விஷயம் எட்டவில்லை. யாரையோ தேடித் தரச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, “சரி, யாருடைய நம்பர் வேண்டும்?” என்று கேட்டாள்.

“உன்னுடைய நம்பர்தான். கூப்பிட்டும்விட்டேன்.”

வெண்பா போட்ட கூச்சலில் கிரைண்டர் சத்தமே அமுங்கிப்போனது. வள்ளியின் கையிலிருந்து மாவு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

அவளைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. வள்ளி பிசியோதெரபிஸ்ட். சென்ற வருஷம் தோள்பட்டை இறுகிப்போய் அவளிடம் வந்த ஒருவர், அந்த ஓபரா கம்பெனியில் விளக்குகளை அமைப்பவர். கையைத் தூக்கச் சொன்னால், “நீங்கள் என்ன உயரம்?” என்று எதிர்க்கேள்வி கேட்டார். வள்ளி ஐந்தடி ஒன்பது அங்குலம். சத்தியமங்கலத்தில் படிக்கும்போதே கடைசி பெஞ்சு. கல்யாண போட்டோ எடுக்கும்போது மாப்பிள்ளை நஞ்சுண்டனைப் பலகை மேல் நிற்க வைத்தார்கள். இந்த மனிதருக்கோ அந்த உயரம்தான் வேண்டியிருந்தது. பாடகர்களை மணிக்கணக்காக மேடையில் நிறுத்தி வைத்து விளக்குகளைச் சரிபார்க்க முடியாது. அவர்கள் உயரத்தில் வேறொரு ஆள் அவர்கள் நிற்கும் இடத்தில் நிற்கவேண்டும், நடக்கும் இடத்தில் நடக்கவேண்டும். லைட் வாக்கர் என்று அதற்குப் பெயர்.

விடுமுறை நாளில் சும்மா போய்ப் பார்ப்போமே என்று போனவளுக்கு அது பிடித்துப்போனது. காலியான அரங்கு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், “வள்ளி, ரெண்டடி இடது பக்கம்” என்னும். ஒளி எங்கோ உயரத்திலிருந்து இறங்கி வரும். கண்ணை மூடிக்கொண்டாலும் முகத்தில் படுகிற சூட்டை வைத்தே அதன் நடு இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள்.

இந்த நாடகத்தில் அதோடு நிற்கவில்லை. கதாநாயகியாகப் பாடவேண்டிய கேத்ரின் வெளிநாட்டில் வேறு ஒரு நாடகத்தை முடித்துவிட்டுத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தாள். அதுவரை ஒத்திகையிலும் அவள் இடத்தில் வள்ளியையே நடக்கவைத்தார்கள். பியானோக்காரர் வாசிப்பார், மற்றவர்கள் பாடுவார்கள், எலினாவின் பாட்டு வரும் இடத்தில் மட்டும் பியானோ தனியாகப் போகும். வள்ளி வாயை மூடிக்கொண்டு அழுவாள், ஓடுவாள், படியேறுவாள். கேத்ரின் வந்ததும் ஒதுங்கிக்கொண்டாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தாள்.

நஞ்சுண்டன் கொல்லைப்புறத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க, என்னைய நடிக்கக் கூப்பிடறாங்க!”

“எங்க?”

“ஓபராவுலதானுங்க. இன்னிக்கு மேட்னி. ஹீரோயினா.”

நஞ்சுண்டன் மெஷினை நிறுத்தினான். அவன் முகத்தில் நிஜமான பயம் தெரிந்தது. “நீ பாடுவியா புள்ள?”

“பாட வேண்டாமுங்க, நடிச்சாப் போதும். பாடறதுக்கு வேற ஆளு பிளைட்ல வருது.”

“நம்மூரு சினிமா மாதிரி, பின்னணியா?”

“அதேதான். ஆனா அந்தம்மா ஸ்டேஜ்லயே நின்னு பாடும்.”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அப்ப வடை?”

“நீங்க போடுங்க.”

“நானா?”

“மாவு ரெடியா இருக்குது. கண்மணியக்காகிட்டக் கொண்டுபோய்க் குடுத்து, விஷயத்தச் சொல்லுங்க. வெண்பா உங்களுக்கு ஹெல்ப் பண்ணுவா.”

“நோ வே. ஐ’ம் கோயிங் வித் அம்மா,” என்றாள் வெண்பா. ஷூவை ஏற்கெனவே மாட்டியிருந்தாள்.

ஃப்ரீவேயில் போகும்போது வள்ளியின் கால் ஆக்ஸிலரேட்டரிலும் பிரேக்கிலும் நிலைகொள்ளாமல் தவித்தது. பக்கத்தில் உட்கார்ந்து வெண்பா கேள்விமேல் கேள்வி கேட்டாள். அவளுக்காக வள்ளி கதையை முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்குமே மனதில் ஓடியது.

ஒரு தீவு. அங்கே ஒரு கலங்கரை விளக்கம். அதைக் காவல் காத்தவன் செத்துப்போக, அவன் மனைவி எலினாதான் தினமும் விளக்கேற்றுகிறாள். எதிரி நாட்டோடு சண்டை. அவளுடைய ஒரே மகனை எதிரிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எதிரியின் கப்பல் வருகிறது என்று தெரிந்ததும் தீவின் கவர்னர் உத்தரவு போடுகிறான்: விளக்கை அணைத்துவிடு, கப்பல் பாறையில் மோதிச் சாகட்டும். ஊரே சந்தோஷப்படுகிறது. அந்தக் கப்பலில் துடுப்புப் போடும் கைதிகளில் தன் மகனும் இருக்கிறான் என்பது எலினாவுக்கு மட்டும்தான் தெரியும்.

“ஸோ ஷி லைட்ஸ் இட்?”

“வந்து பாரு.”

“அம்மா! தட்ஸ் நாட் ஃபேர்.”

மேடைக்குப் பின்னால் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒரே பரபரப்பு. கேத்ரினின் சாம்பல் நிற அங்கி வள்ளிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. செருப்புதான் சேரவில்லை. “வெறுங்காலோடு போகட்டும், தீவுக்காரிதானே,” என்றார் டைரக்டர். செந்நிற விக்கைக் கையில் எடுத்த ஒப்பனைக்காரப் பெண் வள்ளியை ஒருமுறை பார்த்தாள், விக்கை ஓரமாக வைத்தாள், வள்ளியின் சொந்த முடியையே தளரப் பின்னிவிட்டாள்.

லொரெய்ன் வந்து சேர்ந்தபோது ஒரு கையில் உருட்டுப் பெட்டி, இன்னொரு கையில் பாதி தின்ற வாழைப்பழம். குட்டையான, அகலமான பெண்மணி. வள்ளியைக் கீழிருந்து மேல்வரை பார்த்துவிட்டு இடிமாதிரிச் சிரித்தாள்.

“என் குரல் இவ்வளவு உயரமாக இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாதே!”

வள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. “வாயை அசைக்க வேண்டுமா? வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால்…”

“வாயைப் பற்றிக் கவலைப்படாதே. வாயை யார் பார்க்கிறார்கள்? மூச்சைப் பார்ப்பார்கள்.” லொரெய்ன் வள்ளியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் விலா எலும்பின்மேல் வைத்துக்கொண்டு ஒரு வரி பாடினாள். வள்ளியின் உள்ளங்கைக்குக் கீழே விலா விரிந்தது, நின்றது, மெல்ல இறங்கியது. மூச்சு வாங்க முடியாதவர்களுக்கு மூச்சு வாங்கக் கற்றுக்கொடுப்பதுதான் வள்ளியின் தினப்படி வேலை. ஆனால் இப்படி ஒரு விலாவை அவள் தொட்டதே இல்லை.

“நான் எடுக்கும்போது நீயும் எடு. நான் விடும்போது நீயும் விடு. அவ்வளவுதான்.”

“நீங்கள் மேடை ஓரத்தில் இருப்பீர்கள். எனக்கு எப்படித் தெரியும்?”

“காதில் கேட்கும். பாட்டுக்கு முன்னால் மூச்சுதானே வருகிறது.”

கிடைத்த கொஞ்ச நேரத்தில் இருவரும் முக்கியமான இடங்களை ஒத்திகை பார்த்தார்கள். கவர்னராக வரும் டேமியன், ஆறடிக்கு மேல் வளர்ந்த, கனத்த குரல்காரன், வள்ளியின் தோளில் தட்டினான். “நான் உன்னைப் பார்த்துத்தான் பாடுவேன். பயந்துபோய் எனக்கு முதுகைக் காட்டிவிடாதே.”

திரைக்கு முன்னால் டைரக்டர் போய் நின்று நடந்ததைச் சொன்னபோது, அரங்கில் முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு கைதட்டல். வள்ளி பக்கவாட்டுத் திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். நடு வரிசை முழுக்கப் பட்டுப்புடவை. கண்மணியக்கா, அவள் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள், நடுவில் தோளில் மடித்த துண்டோடு நஞ்சுண்டன். பால் காய்ச்சி முடித்த கையோடு மொத்தக் கூட்டமும் கிளம்பி வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் இருபது பேர் முன்னால் விழுந்தால் சத்தியமங்கலம் வரைக்கும் செய்தி போகும்.

இசை தொடங்கியது. எண்ணெய்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் நடந்தாள்.

முதல் பத்தடி எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. பிறகு அந்தச் சூடு வந்து முகத்தில் பட்டது. அந்த வெளிச்சம் அவளுக்குப் பழக்கமானதுதான். இந்த இடத்தில் நின்றால் பாதி முகம், இன்னும் அரை அடி போனால் முழு முகம். அவள் கால் தானாகவே அங்கே போய் நின்றது. வலது பக்கத்தில், கறுப்பு உடையில் நோட்டு ஸ்டாண்டுக்குப் பின்னால் லொரெய்ன் மூச்சை இழுப்பது கேட்டது. வள்ளியும் இழுத்தாள். குரல் எழுந்தது.

அது தன் நெஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஒத்திகையில் அந்த இடங்களில் வெறும் பியானோதான் கேட்டுப் பழக்கம். இப்போது முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மேலே அந்தக் குரல் ஏறியபோது வள்ளியின் கை தன்னால் உயர்ந்தது, யாரும் சொல்லித்தராத ஓர் உயரத்துக்கு. கவர்னர் உத்தரவு போடும் கட்டத்தில் டேமியன் அவள் முகத்துக்கு நேராக வந்து முழங்கினான். நிஜமாகவே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒத்திகையில் பின்வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் பின்வாங்கவில்லை. டேமியனின் கண்ணில் ஒரு நொடி ஆச்சரியம் தெரிந்தது. அப்புறம் அவனே ஓர் அடி பின்னால் போனான்.

இடைவேளையில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தபோது வெண்பாவிடமிருந்து மெசேஜ் வந்தது. ‘அம்மா!!! அப்பா இஸ் க்ரையிங். கண்மணி ஆன்ட்டி டூ.’

இரண்டாம் பாகத்தில்தான் கோபுரம். மேடையின் சுழலும் தட்டுமேல் நிற்கும் கலங்கரை விளக்கம் அது, உள்ளே வளைந்து ஏறும் படிகள், உச்சியில் கம்பி போட்ட வட்டமான நடைபாதை. எலினா படியேற ஏறக் கோபுரம் மெதுவாகச் சுழலும். அவள் உச்சிக்கு வந்துசேரும்போது நடைபாதையின் முகப்பு சரியாக ஜனங்களைப் பார்த்து நிற்கும். அந்தப் புள்ளியில், அரங்கின் பின்பக்கத்திலிருந்து பாய்ந்து வரும் ஒற்றை ஒளி அவள்மேல் விழும். அங்கே நின்றுதான் அவள் பெரிய விளக்கை ஏற்ற வேண்டும்.

வள்ளி கைவிளக்கோடு ஏறத் தொடங்கினாள். கோபுரம் சுழன்றது. கீழே காவலர்கள் கோரஸாகப் பாடினார்கள். லொரெய்னின் குரல் அவளோடு கூடவே படியேறி வந்தது.

பாதிப் படியில் காலடியில் ஓர் உதறல். பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். கோபுரம் நின்றுவிட்டது.

அவள் உடம்பு உடனே கண்டுபிடித்துவிட்டது, இன்னும் அரைச் சுற்று பாக்கி இருக்கிறது. உச்சியில் போய் முகப்பில் நின்றால் அவள் மேடையின் பின்சுவரைப் பார்த்துத்தான் நிற்பாள். ஜனங்களுக்குக் கோபுரத்தின் வெற்று முதுகுதான் தெரியும். ஒளி அந்த முதுகில்தான் போய் விழும். ஜாய்ஸ் எங்கோ இருட்டுக்குள் ஹெட்செட்டில் கத்திக்கொண்டிருப்பாள். நிறுத்துவாளா? இசை நிற்கவில்லை. வள்ளியும் நிற்கவில்லை.

உச்சிக்கு வந்தாள். கும்மிருட்டு. கைவிளக்கின் சிறு மஞ்சள் வெளிச்சம் தவிர வேறொன்றும் இல்லை. இந்த இடத்தில் லொரெய்ன் மகனின் பெயரைக் கூப்பிட்டு ஒரு நீண்ட சுரம் பிடிக்க வேண்டும். பிடித்தாள். அந்தச் சுரம் முடியும்போது விளக்கு எரிந்தாக வேண்டும்.

வள்ளி முகப்பில் நிற்காமல் திரும்பினாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி வட்டப் பாதையில் கோபுரத்தின் பின்பக்கத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். வெறுங்காலில் பலகை சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் அவள் நடந்ததே இல்லை. அங்கே நடைபாதை குறுகல், பாடகர்கள் யாரும் போக வேண்டிய தேவையே இல்லாத இடம். கண்ணை மூடிக்கொண்டாள். திறந்திருந்தும் பயனில்லை. முகத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நகர்ந்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் ஓர் அடி. குளிர்ந்த காற்றுதான்.

மேடை ஓரத்தில் லொரெய்ன் தலையைத் திருப்பிக் கோபுரத்தைப் பார்த்தாள். எலினாவைக் காணோம் என்பது அவளுக்குப் புரிந்தது. சுரத்தை விடவில்லை. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவரின் இடது கை அப்படியே உயர்ந்து நின்றது. வயலின்கள் அனைத்தும் அந்த ஒரு சுரத்தின்மேல் நடுங்கிக்கொண்டு காத்திருந்தன. அந்தக் குட்டைப் பெண்மணியின் நெஞ்சில் அவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்ததோ, அது போய்க்கொண்டே இருந்தது.

வள்ளியின் இடது கன்னத்தில் சூடு பட்டது.

இன்னும் அரை அடி. மூக்கு. வலது கன்னம். நெற்றி. வந்துவிட்டது!

கண்ணைத் திறந்தாள். கீழே ஆயிரம் முகங்கள். முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்று, கைவிளக்கைத் தலைக்குமேல் தூக்கினாள். எதிர்பார்த்துக் காத்திருந்த ஜாய்ஸ் அந்தக் கணமே உத்தரவு கொடுத்திருக்க வேண்டும். உச்சியில் இருந்த பெரிய விளக்கு வெடித்ததுபோல எரிந்தது, அதன் கற்றை அரங்கு முழுவதையும் துடைத்துக்கொண்டு சுழன்றது. லொரெய்ன் சுரத்தை விட்டாள். ஆர்க்கெஸ்ட்ரா அலைபோல வந்து விழுந்தது. நாடகம் முடிய இன்னும் ஒரு காட்சி இருந்தும் ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, துல்லியமாக, தமிழில் ஒரு குரல் கேட்டது: “வள்ளீ! சூப்பர் புள்ள!”

கடைசிக் காட்சியில் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தது, மகன் இறங்கி வந்தான், உத்தரவை மீறிய எலினாவைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் திரும்பித் திரும்பி மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகவேண்டும். வள்ளிக்குச் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

திரை விழுந்ததும் லொரெய்ன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் தலை வள்ளியின் நெஞ்சுக்குத்தான் எட்டியது.

“எங்கே போய்த் தொலைந்தாய்? நான் செத்தே போயிருப்பேன்!”

“பின்பக்கம் போனேன். லைட் அங்கேதான் இருந்தது.”

“நீ வரும்வரை விடுவதில்லை என்று பிடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பாடியதே இல்லை!”

இருவரும் கைகோத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய்க் கும்பிட்டார்கள். யார் யாரை முன்னால் தள்ளுவது என்று அவர்களுக்குள் ஒரு சின்ன மல்லுக்கட்டே நடந்தது. கடைசியில் டேமியன் இருவரையும் சேர்த்து முன்னால் தள்ளிவிட்டான்.

வெளியே கதவருகில் கண்மணியக்கா பட்டுப்புடவை கசங்க வள்ளியைத் தழுவினாள். “கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்கள ஓபராவுக்குக் கூட்டிட்டு வந்த மொத ஆளு நானாத்தான் இருப்பேன்! வடையெல்லாம் யாரு கேட்டா?”

ஜாய்ஸ் பின்னாலேயே வந்தாள். அவள் முகம் பழையபடி நிதானமாகிவிட்டிருந்தது. அடுத்த நாடகத்தில் ஒரு வார்த்தைகூடப் பாடாத ஒரு பேய் வருகிறதாம், மூன்று காட்சிகளில். டைரக்டர் கேட்கச் சொன்னார் என்றாள். ஒத்திகை எப்போது, எத்தனை நாள் என்றெல்லாம் அவள் சொல்லி முடிப்பதற்குள் வள்ளி, “வருகிறேன்” என்றுவிட்டாள்.

திரும்பும்போது நஞ்சுண்டன் வண்டி ஓட்டினான். வள்ளி முன் சீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, அழிக்காத கண்மையோடு, கோபுரம் நின்ற இடத்தை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அப்ப பாருங்க, இந்தக் கன்னத்துல லேசா ஒரு சூடு…”

“நீ காணாம போனப்ப எனக்கு உசுரே போச்சு. இறங்கி ஓடிரலாமான்னு பாத்தேன், கண்மணியக்காதான் கையப் புடிச்சு உக்கார வெச்சாங்க.”

“அப்பா, யூ ஸ்க்ரீம்ட் ஸோ லவுட்,” என்றாள் வெண்பா பின்னாலிருந்து. “எவ்ரிபடி லுக்ட் அட் அஸ்!”

“பாக்கட்டுமே. அது யாரு பொண்டாட்டின்னு பாக்கட்டும்.”

வள்ளி ஜன்னலை இறக்கினாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. கவர்னர் மாதிரிக் குரலைக் கனமாக்கிக்கொண்டு, “விளக்கை அணை!” என்று ஆங்கிலத்தில் ராகம் போட்டுப் பாடினாள், இல்லை, கத்தினாள். வெண்பா பின்னாலிருந்து, “நெவர்!” என்று எதிர்ப்பாட்டுப் பாடினாள். சுருதி இரண்டு பேருக்குமே சேரவில்லை. நஞ்சுண்டன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி கோரஸாக ஏதோ முழங்கினான்.

“ஏனுங்க, எக்ஸிட்!”

தாண்டிப் போய்விட்டார்கள். நஞ்சுண்டன் அசரவில்லை. “போகட்டும், அடுத்ததுல திரும்பிக்கலாம். நீ மேல சொல்லு. லைட் மூக்குல பட்டுச்சு, அப்புறம்?”